பவானேஸ்வரியின் சரிக்குறி

சோப்பு நுரையை விரலில் எடுத்து, பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டரின், கழுத்தில் தடவிவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் பவானேஸ்வரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் முப்பது வரை எண்ணுகிறாள். குமிழி வரவில்லை. சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்பீஸ் துண்டை எடுத்து, தோம்பின் மேல் சின்னதாக ஒரு கோடு இழுக்கிறாள். மறுபடி நுரை. மறுபடி முப்பது. அதற்கப்புறம்தான் அந்தச் சின்னக் கோட்டோடு ஒரு நீளக் கோட்டைச் சேர்த்துச் சரிக்குறியை முடிக்கிறாள்.

“அடுப்பப் பத்த வைக்கலாமா, இல்ல இன்னும் எண்ணணுமா?” என்கிறாள் காளியம்மா. “என் புருசன் பசியில போச்சோர் ஆயிருவாரு.”

போச்சோர் என்றால் மலாயில் கசிவு. மலாக்கா பக்கம் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஏர்கோன் சுருள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக அதைத் தேடுவதுதான் பவானேஸ்வரியின் வேலை. செப்புச் சுருளில் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவாள். முதல் முக்கலில் குமிழி வராவிட்டால் சின்னக் கோடு. இரண்டாவதிலும் வராவிட்டால் நீளக் கோடு. ஒரே முக்கலில் எதையும் நம்புவதில்லை. ஒருமுறை போட்ட குறியை அவள் அழித்து யாரும் பார்த்ததும் இல்லை.

தொழிற்சாலைச் சொல் வீட்டுக்கும் வந்துவிட்டது. போன வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தவர், தனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். அவர் போனதும் அண்ணன் காளிதாஸ் ஆவலாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். “சட்டப் பையில தீப்பெட்டிண்ணே. போச்சோர்,” என்றாள். கதை முடிந்தது.

காளிதாஸ் மெர்லிமாவ் பக்கத்தில் எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தங்கை படிப்பதில் அவருக்குப் பாதிதான் புரியும். ஆனால் எதை என்றைக்குப் படித்தாள் என்பது தேதியோடு நினைவிருக்கும். மலாக்கா நூலகத்தில் வானியல் பற்றிய ஆங்கில மாத இதழ் ஒன்று வருகிறது. மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்த கையோடு போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பாள். அவளுக்குப் பிடித்தது ஆகத் தொலைவில் இருப்பவை: வெளிச்சம் புறப்பட்டு ஆயிரம் கோடி வருடம் கழித்து நம்மிடம் வந்து சேரும் குவாசார்கள்.

“பெரிய கேலக்சிண்ணே. நடுவுல ஒரு கருந்துளை. சுத்தி இருக்குற வாயு அதுல போய் விழறப்போ சூடேறி அடிக்கிற வெளிச்சந்தான் குவாசார்,” என்பாள் சோற்றைப் பிசைந்தபடி. “ஆனா தள்ளி இருக்கு பாருங்க, குளிர் வாயு, அதுதான் முக்கியம். நம்ம ஐஸ் பெட்டியெல்லாம் அதுக்கிட்ட நிக்க முடியாது. அப்படிக் குளிர்ந்தாத்தான் வாயு கட்டிச் சேரும், நட்சத்திரம் பொறக்கும்.”

“ரசம் ஆறுது, ஊத்திக்க,” என்பார் காளிதாஸ். மறுநாள் பழம் எடைபோடும் இடத்தில் நாலு பேரிடம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த வருடம், தொண்ணூற்றெட்டில், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு அவள்தான் பலகை செய்துகொடுத்தாள். நாலடி ஒட்டுப்பலகை. நடுவில் குவாசாராகச் சிவப்பு பல்பு. சுற்றிலும் துணி நீலத்தில் நனைத்துக் காயவைத்த பஞ்சு; அதுதான் குளிர் வாயு. பஞ்சின் மேல் தங்கக் காகிதத்தில் வெட்டிய இருபத்துநாலு அம்புகள், வாயு விழும் திசையைக் காட்ட எல்லாம் பல்பைப் பார்த்து. மாவட்டத்தில் முதல் பரிசு கிடைத்தது. முப்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளி மாநில அளவுக்குப் போவது இதுதான் முதல் தடவை. பரிசு அறிவித்த அன்று பலகையின் முதுகில் நீலச் சரிக்குறி போட்டாள், இரண்டு கோடும் சேர்த்து.

மாநிலக் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நூலகத்தில் புது இதழைப் பிரித்தவள், வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. விழும் வாயுவெல்லாம் உள்ளே போவதில்லையாம். ஒரு பங்கைக் குவாசாரே வெளியே ஊதித் தள்ளுகிறதாம். இரவே காளியம்மா வீட்டுக் கதவைத் தட்டி, “அக்கா, அன்னிக்கு குவாசாரப் பத்தி உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன்,” என்றாள்.

“உள்ள போனா என்ன, வெளிய போனா என்ன? என் தோம்புல கேஸ் இருக்குல்ல?”

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் காளிதாஸ் பள்ளிக்கு லோரியைக் கொண்டுவந்தார். பலகைக்காக லோரியின் தளத்தை இரண்டு தடவை கழுவிப் படுதா விரித்திருந்தார். ஐந்து மணிக்குள் மலாக்கா மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும். தலைமையாசிரியர் விஜயரட்ணத்தின் அறையில் பலகையின் அம்புகளைப் பிரித்துத் திருப்ப, தங்கை கையில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

“பிள்ளை, அதிலை கை வைக்காதையும்!” என்றார் விஜயரட்ணம். “மூண்டு நடுவர்மார் பாத்தவை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

“அவங்க நொரை தடவிப் பாக்கல சார்.”

“இப்ப மாத்தினா, பரிசு வாங்கின பலகை இது இல்லை எண்டு விலக்கிப் போடுவினம். எங்களுக்கு முதல் முதலாக் கிடைச்ச சந்தர்ப்பம்.”

காளிதாசுக்கும் அதே பயம். “விடு பவானி. அவ்வளவு தூரத்துலேர்ந்து யாரு வந்து சரிபாக்கப் போறா?”

“பாக்க வர்றவங்க மலாக்காவுலேர்ந்துதாண்ணே வர்றாங்க.” தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். “விநாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்துல வெளிய வருது சார். குளிர் வாயுவையும் தள்ளிட்டுப் போயிட்டா, அந்தக் கேலக்சியில புதுசா நட்சத்திரம் பொறக்காதோன்னு யோசிக்கிறாங்க.”

“அதை ஆர் கண்டது?”

“நேரா யாரும் காண முடியாது. எங்க தொட்டியில குமிழி வரும். அங்க வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தா, வாயு மறைச்ச எடத்துல பள்ளம் விழும். அதை வெச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க.” அவள் குரல் இறங்கியது. “பதினோரு வருசமா லீக் பாக்குறேன் சார். இவ்ளோ பெரிய பலகையில ஒரு போச்சோர் கூட வரையாம விட்டுட்டேனே!”

அந்த நேரம் வெளியே தாழ்வாரத்தில், நாளைக்குப் பலகையருகே நின்று விளக்கப்போகும் இரண்டு மாணவிகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வாயு முழுவதும் உள்ளே விழுகிறது!” கணீரென்று, பிசிறில்லாமல் கேட்டது. இன்னொரு தடவையும் கேட்டது.

விஜயரட்ணம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான்தான் பாடமாக்க வைச்சனான்,” என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து பசைப் போத்தலை எடுத்தார். “விலக்கினா விலக்கட்டும். எத்தனை அம்பைத் திருப்ப வேணும்?”

“எத்தனைன்னு அந்த இதழ்ல போடல சார்.”

“அப்ப?”

“எட்டு அம்பத் திருப்பிட்டு, எத்தனைன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு அடியில எழுதிடலாம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தெரியாது எண்டு எழுதிக்கொண்டு பரிசு கேக்கப் போற பள்ளிக்கூடம் நாங்கள் ஒண்டுதான்!”

காளிதாஸ் பலகையைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியர் பசை தடவினார். பவானேஸ்வரி அம்புகளை ஒவ்வொன்றாகப் பஞ்சு பிய்யாமல் எடுத்துத் திருப்பி ஒட்டினாள். மாணவிகள் உள்ளே வந்து, “ஒரு பங்கு வெளியே போகிறது” என்று புதுப் பாடத்தை ஆளுக்குப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார்கள். நாலு இருபதுக்குப் பலகை லோரியில் ஏறியது.

“இனி எல்லாம் சரிதானே, பிள்ளை?” என்று கீழிருந்து கேட்டார் விஜயரட்ணம்.

பவானேஸ்வரி லோரியில் ஏறிப் பலகைக்குப் பின்னால் போனாள். அன்றைக்குப் போட்ட சரிக்குறி அப்படியே இருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நீளக் கோட்டை மட்டும் மேலிருந்து கீழாக அழுத்தித் துடைத்தாள். சின்னக் கோட்டை விட்டுவிட்டு இறங்கினாள்.