அவள் சிரித்த படம்

மந்தாரக்குப்பம் கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில், எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் என் தையற்கடை. இரண்டு மிஷின், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, ஆரி வேலைக்கான மரச்சட்டம் ஒன்று. சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, நுனி வளைந்த ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்து, ரவிக்கைக் கைகளில் பூவும் கொடியும் போடுவேன். என் வேலை சுத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சந்துக்குள் இருக்கிற கடைக்கு யார் வருவார்கள்? பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ரவிக்கை தைக்கக் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் போனார்கள். எனக்கு வந்ததெல்லாம் நைட்டியும் பள்ளிக்கூட யூனிபார்மும்தான்.

என் கணவருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கூட வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் போனிலேயே புடவை விற்கிறார்கள், கேக் விற்கிறார்கள், நீயும் போட்டுப் பாரேன் என்று அவர்தான் சொன்னார். நானே தட்டித் தடவி, கடைக்கென்று போனில் ஒரு பக்கம் தொடங்கினேன். ரவிக்கையை ஹேங்கரில் மாட்டி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்துப் போடுவேன். ஏழெட்டுப் பேர் லைக் போடுவார்கள். அதில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. மற்ற தையற்காரிகளின் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. ஹேங்கரில் தொங்கும் துணியின் முன்னால் யாரும் நிற்பதில்லை. துணிக்கு மேலே ஒரு முகம் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். டவுன்ஷிப்பில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண். முப்பது வயதுகூட இருக்காது. வளையமாதேவிப் பக்கம் இருந்த நிலம் கைவிட்டுப் போன பிறகு மந்தாரக்குப்பத்துக்கு வாடகைக்கு வந்த குடும்பத்தில் வாக்கப்பட்டவள். புருஷன் ரோட்டில் வண்டி மோதி இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாமியாரும் அவளும் மட்டும்தான் வீட்டில். முத்தாண்டிக்குப்பத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தம்பி எடுத்துக் கொடுத்தது என்று மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுத் துணியைக் கொண்டுவந்தாள். சாதாரணமாகத் தைத்தால் போதும் என்றாள். நான்தான், கூடப் பிறந்தவள் நீ ஒருத்தி, இதற்குப் போடாமல் எதற்குப் போடுவது என்று பேசிப் பேசி, கைகளில் வேலை போட்டுக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன்.

அளவு பார்க்க வந்த அன்று அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கையைத் தூக்கி, திருப்பி, அந்தக் கொடியை ஒரு விரலால் தடவினாள். பிறகு தன்னைப் பார்த்தே சிரித்தாள். எத்தனையோ பேர் அந்தக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அது அப்படிப்பட்ட சிரிப்பில்லை.

ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் தைத்ததையெல்லாம் படம் எடுத்து ஒரு ஆல்பத்தில் ஒட்டி வைத்திருப்பேன். அதற்கென்று நினைத்திருப்பாள். அவள் அப்படி நினைப்பாள் என்று எனக்கும் தெரியும்.

ரவிக்கையைக் கவரில் வாங்கிக்கொண்டு அவள் போனாள். அன்று சாயங்காலமே பாட்டுச் சேர்த்து, “மாப்பிள்ளையின் அக்கா, நம்ம கைவண்ணத்தில்” என்று எழுதிப் போட்டேன்.

மறுநாள் காலையில் போன் ஓயவில்லை. பண்ருட்டியிலிருந்து, விருத்தாசலத்திலிருந்து, எங்கள் டவுன்ஷிப்பிலேயே நான் கேள்விப்படாத பிளாக்குகளிலிருந்தெல்லாம் கேட்டார்கள். என் கடை எங்கே இருக்கிறது என்று மனிதர்கள் வழி விசாரிப்பது எனக்குப் புதிது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிஷினை நிறுத்திவிட்டு, வந்த ஒவ்வொரு செய்திக்கும் வணக்கம் போட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. பின்னால் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“அக்கா, அந்தப் போட்டோவ எடுத்துடுங்க.”

சரிம்மா, உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை.

டவுன்ஷிப்பில் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு எட்டு ரவிக்கை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். தன் சம்பந்தி வீட்டாருக்கும் காட்ட வேண்டும், அந்தப் படம் அப்படியே இருக்கட்டும் என்றார். இது முடியட்டும், எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முடிந்ததும் இன்னொருவர் வந்தார். மறுநாள் மத்தியானம்தான் எடுத்தேன். அதற்குள் அது அவள் புருஷன் வழிச் சொந்தக்காரர்களின் குரூப்புக்குப் போய்விட்டது. வருஷம் இரண்டுகூட முழுசாகவில்லை, இவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கீழே இன்னும் பலர். அந்தக் குரூப்பில் இருந்த ஒரு வாடிக்கையாளர் எனக்கு அதைக் காட்டினார். முழுதும் படிக்க முடியவில்லை.

அன்று வேலை முடிந்து கடைக்கு வந்த அவள், ரவிக்கையைக் கவரோடு மிஷின் மேல் வைத்தாள். “இது வேணாங்க்கா” என்றாள். நான் வாயெடுப்பதற்குள் போய்விட்டாள். கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார்தான் கதவைத் திறந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே வரச் சொல்லி, பாயை விரித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மேலே மகனின் படம் மாலையோடு இருந்தது. அவள் அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“எம்புள்ள போட்டோவப் பாத்துகினுதான் நான் சோறு துன்றேன்” என்றார் மாமியார். “ஒருத்தி போன எடுத்துகினு வந்து, பாரு உம்மருமவ சிரிக்கறான்னு காட்டறா. நான் என்னாம்மா சொல்லட்டும்?”

இவள் மேல் ஒரு தப்பும் இல்லை, இவளுக்கு எதுவும் தெரியாது, இவளுக்கே தெரியாமல் எடுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன். வழியெல்லாம் யோசித்து, அவளைக் காப்பாற்ற அதுதான் வழி என்று முடிவு செய்து வைத்திருந்த வார்த்தைகள் அவை.

“தெரியாம எடுக்கலிங்க்கா” என்றாள் அவள்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தவில்லை.

“நீங்க எடுக்கறது தெரிஞ்சிதான் நின்னேன். ரொம்ப நாள் கழிச்சி கண்ணாடில பாக்கசொல்ல, நல்லாதான் இருக்கேன்னு தோணுச்சி. சிரிச்சேன். அத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க எதிர்ல சிரிச்சேங்க்கா. ஊருக்குச் சிரிக்கல.” கொஞ்சம் நிறுத்தினாள். “எடுத்துடுங்கன்னு சொன்னனே, ஏங்க்கா எடுக்கல?”

போன் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

“ஆர்டர் வந்துகினு இருந்துச்சி” என்றேன்.

மாமியார் எழுந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை அசைத்தாள். சரி என்றா, போய்வாருங்கள் என்றா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு அவள் போனாள். மாமியாரே கூடப் போய், மண்டபத்தில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பழைய புடவைதான் கட்டியிருந்தாளாம். குரூப்பில் எழுதிய சொந்தக்காரர்களும் வந்திருந்தார்களாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றார்கள். அந்த மாமியாரை நான் தப்பாக எடை போட்டிருந்தேன்.

நான் எடுத்துவிட்டதால் அந்தப் படம் போய்விடவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரு பெண் தன் போனைக் காட்டி, இதே மாதிரி கையில் கொடி வேண்டும் என்றாள். பார்த்தால் நான் எடுத்த அதே படம். என் கண்ணாடி, என் மிஷினின் ஓரம், அவள் சிரிப்பு. மேலே எங்கேயோ ஒரு ஊரில் இருக்கும் தையற்கடையின் பெயர். எடுத்துவிடுங்கள் என்று அந்தக் கடைக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அந்த ஆப் கம்பெனிக்கும் புகார் கொடுத்தேன். இன்னொரு நாள் வேறொரு கடையின் பெயரோடு அதே படத்தைப் பார்த்தேன். அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது கடை நன்றாகவே நடக்கிறது. அந்த எட்டு ரவிக்கைக்காரர் மூலமாக வந்தவர்களே நிறைய. என் வளர்ச்சி எங்கிருந்து தொடங்கியது என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். படம் எடுக்கும் முன் எங்கே போடுவேன், யார் யார் பார்ப்பார்கள், பிறகு நீக்கினாலும் முழுசாகப் போகாது என்பதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். மற்றவர்களையும் முதுகுப்பக்கம் மட்டும்தான் எடுக்கிறேன். முகம் இல்லாத படத்தைப் பழையபடி சிலர்தான் பார்க்கிறார்கள்.

அவள் துணி தைக்க வேறு கடைக்குப் போகிறாள். சில காலைகளில் பஸ் நிறுத்தத்தில் பார்ப்பேன். என் மகளின் படிப்பை விசாரிப்பாள், நான் அவள் மாமியாரின் முழங்கால் வலியை விசாரிப்பேன். பஸ் வந்ததும் வரேங்க்கா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வாள்.