சரளைப் பாத்தியில் ஒரு வாய்க்கால்

பனி கொட்டும் வோபர்ன் என்ற ஊரில் வேரோனிக்காவின் வீட்டு முன்பக்கம் நல்ல சரிவு. காருக்குக் கண்ணாடி செய்யும் பக்ரறியில் பல வருடம் நின்று வேலை செய்ததில் அவளுடைய வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. அந்தச் சரிவில் புல்லு மெஷினைத் தள்ள அவளால் முடியவில்லை. கணவன் அல்பேட் லொறி ஓட்டி. மாதத்தில் பாதிநாள் வீட்டில் இல்லை. ஒரு கோடையில் புல்லு முழுவதையும் கிளப்பி எறிந்துவிட்டு, சரளைக்கல் பரப்பி, ட்றையாஸ் என்ற மலைச்செடியை நட்டாள்.

பனிமலை உச்சிகளில் பாறையோடு ஒட்டிப் படரும் செடி அது. உரம் போட்டால் அழுகும், தண்ணீர் தேங்கினால் செத்துப்போகும். வெயிலும் வெறுங்கல்லும் போதும். வேரோனிக்கா அதற்கென்று செய்ததெல்லாம், நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் நத்தார் மரத்தின் கிளைகளை முறித்து அதன்மேல் பரப்பியதுதான். குளிர்காற்று இலையைக் காய வைத்துவிடாமல் இருக்க. அது மெதுவாகத்தான் படர்ந்தது. பன்னிரண்டு வருடத்தில் பாத்தியின் நடுவே பாய் விரித்ததுபோலக் கிடந்தது. மே மாதத்தில் வெள்ளைப் பூ.

பக்கத்து வீட்டில் இரத்தினவேலும் மனைவி கோணேஸ்வரியும். திருகோணமலைக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கார் விட ஒரே டிறைவ்வேதான்.

போன வருடம் ஜனவரியில் இரண்டு நாள் வெயில் எறித்து ஸ்நோ உருகியது. மூன்றாம் நாள் காலை எல்லாம் உறைந்துவிட்டது. வேரோனிக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளியே தொம்மென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளைச் செருப்போடு வெளியே ஓட வைத்தது. கோணேஸ்வரி காருக்குப் பக்கத்தில் மல்லாக்கக் கிடந்தார். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. இடுப்பெலும்பு முறிவு.

அம்புலன்ஸ் போன பிறகு, கோட்டு மாட்ட உள்ளே போய் வந்த இரத்தினவேல் ஆஸ்பத்திரிக்குப் போக உடனே காரில் ஏறவில்லை. சப்பாத்து நுனியால் ஐஸைத் தடவிக்கொண்டே நடந்தார். கோணேஸ்வரி விழுந்த இடத்திலிருந்து அந்த ஐஸ் மினுக்கம் நேரே போய் சரளைப் பாத்தியின் விளிம்பில் முடிந்தது.

"தங்கச்சி, இஞ்ச வந்து பாரும். தண்ணி எங்க இருந்து வந்திருக்குது?"

வேரோனிக்கா பார்த்தாள். கூரைத் தண்ணீர் செடியில் தேங்காமல் ஓட வேண்டும் என்று சரளையை அப்படிச் சாய்த்துப் பரப்பியவள் அவள்தான்.

அடுத்த நாள் இரத்தினவேல் வாளியோடு வந்து ஐஸ் உருகவென்று டிறைவ்வேயில் உப்பு எறிந்தார். பாத்தியடிக்கு வந்ததும் நிற்கவில்லை. செடியின் மேலேயும் எறிந்தார், வாளி வெறுமையாகும் வரைக்கும். சன்னலுக்குள் நின்ற வேரோனிக்கா திரைச்சீலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஒவ்வொரு உறைவுக்குப் பிறகும் அவர் வந்தார். அதற்கு முன்பே இவள் எழும்பி, நோகிற தோளோடு ஐஸைக் கொத்தி மணல் போட்டிருப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்தார்கள்.

ஏப்ரலில் பாத்தியின் டிறைவ்வேப் பக்கம் முழுக்கக் கருகிக் கிடந்தது.

"உவர் வேணுமெண்டு செய்தவர்," என்றான் அல்பேட். "போய்க் கேக்கட்டே?"

"கேட்டு? கோணேசக்கா வோக்கரோட நடக்கிறா. நான் பூக்கண்டுக்கு ஞாயம் கேக்கிறதோ?"

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"தண்ணியை றோட்டுப் பக்கம் திருப்ப வேணும்."

திருப்புவதற்கு ஒரு வழிதான் இருந்தது. ஒரு பக்கம் நிலத்துக்குள் காஸ் பைப், மற்றப் பக்கம் மேப்பிள் மரத்தின் வேர். வாய்க்கால் நடுவால்தான் போக வேண்டும், உப்புப் படாமல் தப்பிய பச்சைப் பாயை ஊடறுத்துக்கொண்டு. நட்ட இடத்தைவிட்டுக் கிளப்பினால் அந்தச் செடி பிழைக்காது. அது அவளுக்குத் தெரியும்.

ஜூனில் பூ உதிரும்வரை பொறுத்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள். வேர் விரல் தடிப்பில் நேரே கீழே இறங்கியிருந்தது. முதல் வெட்டில் அறவில்லை. இரண்டாவதில் அறுந்தது. பக்கத்து வீட்டுச் சன்னல் ஓரத்தில் கோணேஸ்வரி இருந்து பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. நிமிரவில்லை. வெட்டி எடுத்த துண்டுகளை வேலியோரம் நட்டும் பார்த்தாள். ஒரு கிழமையில் எல்லாம் காய்ந்துவிட்டது. காய்ந்த அன்றிரவு அல்பேட் போன் எடுத்தபோது, "முடிஞ்சுது" என்றாள்.

டிசம்பரில் முதல் உருகலும் முதல் உறைவும் ஒன்றாக வந்தன. வாய்க்கால் வேலை செய்யுமோ என்று பார்க்க வேறு வழியில்லை. காலையில் கோணேஸ்வரிக்குப் பிசியோதெரபி. வேரோனிக்கா விடியவே சன்னலடிக்கு வந்துவிட்டாள். இருட்டில் நிலம் நனைந்திருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று பிடிபடவில்லை. மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்துவிட்டது.

கோணேஸ்வரி ஊன்றுகோலோடு தனியே இறங்கினார். ஒரு அடி. நின்றார். இன்னொரு அடி. முன்பு விழுந்த அதே இடத்துக்கு வந்ததும் ஊன்றுகோலால் நிலத்தைத் தட்டிப் பார்த்தார். வேரோனிக்கா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

"வேரோனிக்கா," என்று குரல் வந்தது. "கதவுக்குப் பின்னால நிக்கிறது தெரியுது. வெளிய வாரும். நீர் ஒளிச்சு நிண்டு பாக்க எனக்கு நடக்கப் பயமாக் கிடக்குது."

வேரோனிக்கா வெளியே வந்தாள். காலடியில் நிலம் காய்ந்திருந்தது. தண்ணீர் வாய்க்காலால் இறங்கி றோட்டோரம் உறைந்து கிடந்தது.

"கையைத் தாரும்," என்றார் கோணேஸ்வரி. கார்வரைக்கும் அந்தக் கையைப் பிடித்தபடி நடந்தார். பின்னால் இறங்கி வந்து கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற இரத்தினவேல் பாத்தியைப் பார்த்தார், பிறகு வேறெங்கோ பார்த்தார். உப்பைப் பற்றி அவர் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

இந்த மே மாதம் வாய்க்காலின் மேல்கரையில் கையகலத் துண்டு ஒன்று பூத்தது. அதன் விதையைச் சேர்த்து, சட்டியில் விதைத்து, குளிர் படட்டும் என்று வெளியே வைக்கப் போகிறாள். ஒரு சட்டி கோணேஸ்வரி கேட்டிருக்கிறார்.

"பூக்க நாலைஞ்சு வருசம் செல்லும், அக்கா."

"செல்லட்டும். நான் எங்க போகப் போறன்."