ஒரே ஒரு கோடு சொன்ன தூரம்

1. நீல ஃபில்டரில் ஒரு புள்ளி

கல்லூரியில் எங்களுக்குப் பாராட்டு விழா வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதே வாரம் செவ்வாய்க்கிழமை காலை, நல்லம்பள்ளியில் நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ராகவன் போன் செய்தார். அவர் புனேயில் ஆராய்ச்சியாளர். எங்கள் கட்டுரையில் மூன்றாவது பெயர் அவருடையது. எதுவானாலும் மெயில்தான் அனுப்புவார். போனில் கூப்பிடுகிறார் என்றால் விஷயம் நல்லதாக இருக்காது.

"மேடம், நம்ம பேப்பர்ல வர்ற கேலக்ஸி இருக்கற இடத்துல புதுசா ஒரு ஆப்டிகல் இமேஜ் பப்ளிக் ஆயிருக்கு. பாத்தீங்களா?"

"இல்லைங்க. என்ன தெரியுது அதுல?"

"நீல ஃபில்டர்ல ஒரு புள்ளி. ரொம்ப மங்கல். ஆனா அதே இடம்."

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர்தான். "காலேஜ் லீவுங்களா?" என்று கேட்டுவிட்டு விசில் ஊதினார்.

ஒரு மங்கலான நீலப் புள்ளிக்கு நான் ஏன் பஸ்ஸை விட்டேன் என்று புரிய வேண்டுமானால், எங்கள் வேலை என்ன என்று சொல்ல வேண்டும்.

2. நாங்கள் செய்த வேலை

அப்போது நான் தர்மபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர்; சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். பாடம் நடத்தியது போக மீதி நேரத்தில், மிகத் தொலைவிலுள்ள கேலக்ஸிகளின் வாயுவைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். "தர்மபுரியில உக்காந்துகிட்டா?" என்று கேட்காதவர்கள் குறைவு. உட்கார்ந்துகொண்டுதான். வெளிநாட்டுப் பாலைவனங்களில் இருக்கும் பெரிய ரேடியோ டெலஸ்கோப்புகள் எடுக்கும் டேட்டா, எடுத்தவர்களுக்கு உரிய காலம் முடிந்ததும் ஆர்க்கைவில் எல்லோருக்கும் திறந்துவிடப்படும். கம்ப்யூட்டரும் பொறுமையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம்.

ஒரு கேலக்ஸியில் நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பது வெறும் வெற்றிடம் இல்லை. மெல்லிய வாயு பரவிக் கிடக்கிறது. அது குளிர்ந்து சுருங்கித்தான் புது நட்சத்திரம் பிறக்கிறது. ஆயுள் முடிந்த நட்சத்திரங்கள் தங்களுக்குள் உண்டாக்கிய கார்பனையும் ஆக்சிஜனையும் அந்த வாயுவுக்குள்தான் கொட்டுகின்றன. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தில் இந்த வாயு எப்படி இருந்தது என்று தெரிந்தால், முதல் நட்சத்திரங்கள் எவ்வளவு சீக்கிரம் வேலையை ஆரம்பித்தன என்று சொல்ல முடியும்.

அந்த வாயுவில் இருக்கும் கார்பன் அணு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளி விடும். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் அது ஒரு சின்ன மேடாகத் தெரியும். நாங்கள் அதைக் கோடு என்போம். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், வரும் வழியில் அந்த அலைநீளம் நீண்டுபோகும். எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். இதுதான் ரெட்ஷிஃப்ட். எவ்வளவு தூரமோ, அவ்வளவு பழைய காலத்து ஒளிதான் நமக்கு வந்து சேருகிறது.

சிக்கல் எங்கே வரும் என்றால், கோட்டின் மேல் பெயர் எழுதியிருக்காது. மிகத் தொலைவில் இருக்கிற கேலக்ஸியின் கார்பன் கோடும், பக்கத்தில் இருக்கிற கேலக்ஸியின் கார்பன் மோனாக்சைடு கோடும் ஸ்பெக்ட்ரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கலாம். கிடைத்தது ஒரே ஒரு கோடு என்றால், அது எந்தக் கோடு என்று முடிவு செய்வது கஷ்டம்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோடு. கண்டுபிடித்தவள் நஸ்ரீன். எங்கள் துறையிலேயே உதவிப் பேராசிரியர்; நாற்பதை நெருங்கும் வயதில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். யாரோ வேறு எதற்காகவோ எடுத்த டேட்டாவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு ஓரத்தில் இந்த மேடு தெரிந்தது. அப்போதிருந்த ஆப்டிகல் படங்களில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. தொடக்க காலத்துக் கேலக்ஸி அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் நீல ஒளியை வழியில் இருக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிடும். நம்மிடம் வந்து சேராது.

ஆகவே அது "பெரும்பாலும்" தொடக்க காலத்துக் கேலக்ஸியாக இருக்கலாம் என்று எழுதி, கட்டுரையை இணையத்தில் ஏற்றினோம். உள்ளூர் நிருபர் ஒருவர் வந்து பேட்டி எடுத்தார். பேப்பரில் வந்தபோது "பெரும்பாலும்" காணாமல் போயிருந்தது. பிரின்சிபால் அந்தச் செய்தியை லேமினேட் செய்து ஆபீஸ் வாசலில் ஒட்டினார். விழா ஏற்பாடு அதன் பிறகுதான்.

இப்போது அதே இடத்தில் நீலப் புள்ளி.

3. லேபில் நடந்த வாக்குவாதம்

நஸ்ரீன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள்.

"அக்கா, நேர்கோட்டுல ரெண்டு இருக்கலாம் இல்லையா? நம்மது பின்னாடி. இந்த நீலம் முன்னாடி நிக்கற வேற ஒன்னோடது."

"இருக்கலாம்."

"அப்பறம் என்ன?"

"நம்ம கோடே அந்த முன்னாடி நிக்கறதோடதா இருந்தா? பிரின்சிபால்கிட்ட இன்னைக்கே சொல்லிடலாம் நஸ்ரீன். விழாவைத் தள்ளி வைக்கச் சொல்லுவோம்."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "உறுதியாத் தெரியாம சரின்னு சொல்றது தப்புன்னா, உறுதியாத் தெரியாம தப்புன்னு சொல்றது மட்டும் சரியாக்கா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பயமும் இருந்தது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுடைய தீசிஸின் மூன்றாவது சேப்டர் முழுக்க இந்தக் கேலக்ஸிதான். அது போனால் ஒரு வருஷம் போகும், கூடவும் ஆகலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கல்லூரியில் முழு நேரம் வகுப்பெடுத்து, கிடைத்த இடைவெளிகளில் எழுதிய சேப்டர் அது.

ராகவன் மெயிலில் ஒரு வழி சொன்னார். வானத்தின் அதே பகுதியை இன்னொரு குழு வேறு அலைவரிசையில் பார்த்திருக்கிறது. எங்கள் கோடு பக்கத்துக் கேலக்ஸியின் கார்பன் மோனாக்சைடு என்றால், அதன் அடுத்த கோடு அந்த அலைவரிசையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். தொடக்க காலத்துக் கார்பன் என்றால் அங்கே ஒன்றும் இருக்காது. டேட்டா இன்னும் பொதுவில் வரவில்லை. ஆனால் கேட்டால் தருவார்கள் என்றார். கேட்டோம். வியாழக்கிழமை அனுப்புவதாகப் பதில் வந்தது.

புதன்கிழமை இரண்டு பேருமாகப் போய் பிரின்சிபாலைப் பார்த்து, சந்தேகம் இருக்கிறது என்று சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. கல்லூரிக்கு நல்ல பெயர் வர வேண்டுமென்று ஓடியாடுகிறவர்.

"பேனர் கட்டியாச்சு மேடம். கெஸ்ட் ரயில் ஏறப் போறாரு. இப்ப வந்து இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்னா நான் என்ன பண்றது? ஒன்னு உண்டுன்னு சொல்லுங்க, இல்ல இல்லைன்னு சொல்லுங்க."

அதைத்தான் எங்களால் சொல்ல முடியவில்லை.

4. துணிக்கடையில்

வியாழக்கிழமை லிங்க் வந்தது. ஃபைல் பெரியது. கல்லூரி இன்டர்நெட்டில் கால்வாசி இறங்கி நின்றுபோனது. மறுபடி முயன்றோம், மறுபடியும் நின்றது. "எங்க அண்ணன் கடைக்குப் போயிரலாம்க்கா, அங்க நல்லா வரும்" என்றாள் நஸ்ரீன்.

அவள் அண்ணன் சலீமின் துணிக்கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தோம். பாப்பாரப்பட்டியிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. கடை முழுக்கப் புடவை விரித்துக் கிடந்தது.

ஃபைல் இறங்கி முடிந்ததும் நான் திறக்கப் போனேன். நஸ்ரீன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கக்கா. கோடு எங்க வரணும்னு முதல்ல எழுதிருவோம். பாத்துட்டு அப்பறம் எழுதுனா நம்ம மனசுக்குப் புடிச்ச மாதிரி நகத்திருவோம்."

துணி சுற்றி வரும் அட்டை ஒன்றை எடுத்து, கணக்குப் போட்டு, அலைவரிசையை எழுதினாள். அடிக்கோடும் இழுத்தாள். அதற்குப் பிறகுதான் டேட்டாவைத் திறந்தோம்.

ஸ்பெக்ட்ரம் திரையில் வந்தது. முதலில் நாய்ஸ் மட்டும், அரிசி மாவைச் சிந்தியது போல. நாய்ஸ் அடங்கட்டும் என்று பக்கத்துப் பக்கத்து சேனல்களைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தோம். எழுதி வைத்த அதே எண்ணுக்கு மேலே, சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஒரு கோடு நிமிர்ந்து நின்றது. கல்லா மேல் இருந்த அட்டையையும் திரையையும் நான் மாறி மாறிப் பார்த்தேன்.

"இருக்குதுக்கா," என்றாள் நஸ்ரீன். குரல் ஒன்றும் மாறவில்லை. கண்ணை மட்டும் துப்பட்டா ஓரத்தால் துடைத்துக்கொண்டாள்.

சலீம் துணி அளக்கும் மீட்டர் கோலைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பாஸா ஃபெயிலா?"

"ஃபெயில்ண்ணே."

அவர் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி டீ வரவழைத்தார். ஜவுளி எடுக்க வந்த அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "வூட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க," என்றாள் நஸ்ரீன். "ஒரு கணக்கு தப்பாப் போச்சு."

பிரின்சிபாலுக்கு நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லி அவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"சார், இப்ப உறுதியாத் தெரிஞ்சிருச்சு. நாங்க சொன்ன தூரத்துல அது இல்லைங்க."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கெஸ்ட் மொரப்பூர்ல எறங்கி ரூமுக்கே வந்துட்டாரும்மா. பசங்களோட அப்பா அம்மா எல்லாம் வர்றாங்க. நான் என்னான்னு சொல்லி நிறுத்தறது?"

"நிறுத்த வேணாம் சார். எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க. நானே பேசறேன்."

"மேடையில ஏறி தப்புன்னு சொல்லப் போறியா?"

"என்ன பாத்தோம், எப்பிடித் தெரிஞ்சதுன்னு சொல்லுவேன் சார்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி. என்னமோ பண்ணுங்க."

என்னிடம் விட்டிருந்தால் நான் விழாவை ரத்து செய்யத்தான் கெஞ்சியிருப்பேன். மேடை ஏறுவது எனக்குத் தோன்றவே இல்லை.

5. நானூறு கோடி

ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. நஸ்ரீன் இரண்டே படம் காட்டினாள். முதலில் பழைய கோடு, பிறகு புதுக் கோடு. முதலாவதை வைத்து என்ன நினைத்தோம், இரண்டாவது வந்ததும் ஏன் அது நிற்கவில்லை என்று எளிமையாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற தொனியே இல்லை. முதல் வருஷ மாணவர்களுக்குப் பாடம் நடத்துவாளே, அதே மாதிரி.

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவியின் அப்பா எழுந்தார்.

"அப்ப அந்த கேலக்ஸியே இல்லீங்களாம்மா?"

"இருக்குதுங்க. நாங்க நெனச்சதவிட ரொம்பப் பக்கத்துல இருக்குது."

"பக்கம்னா எவ்ளோ?"

"அதோட வெளிச்சம் இங்க வந்து சேர நானூறு கோடி வருஷம் ஆவுதுங்க."

"அதுவாம்மா பக்கம்!"

அரங்கமே சிரித்தது. பிரின்சிபாலும் சிரித்தார். சிறப்பு விருந்தினர் ஒரு வானியல் பேராசிரியர். எழுதிக் கொண்டுவந்த உரையை மடித்து வைத்துவிட்டு, டெலஸ்கோப்புகளைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். டீ குடிக்கும்போது நஸ்ரீனை உட்கார வைத்து, எந்த சேனலைச் சேர்த்தீர்கள், நாய்ஸை எப்படி அளந்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு தடவை வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

எல்லாம் அத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். நஸ்ரீன் அந்த நிருபரை அழைத்து விவரம் சொன்னாள். உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் யாரோ "பக்கத்து வூட்டு கேலக்ஸி" என்று பெயர் வைத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாள் அவள் அங்கே டீ குடிக்க வருவதை நிறுத்தியிருந்தாள். மூன்றாவது சேப்டரை முதலிலிருந்து திருப்பி எழுத வேண்டியிருந்ததால் தீசிஸ் தள்ளிப்போனது. ஒரு நாள் மத்தியானம் லேபில், "விட்டுடலாமான்னு இருக்குதுக்கா" என்றாள். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆர்க்கைவில் இதே மாதிரி ஒற்றைக் கோட்டை நம்பி நிற்கிற கேலக்ஸிகள் வேறு எத்தனை இருக்கும் என்று மட்டும் கேட்டேன். அவள் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

அடுத்த வேலை அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக எடுத்து, அது தப்பாக இருந்தால் இரண்டாவது கோடு எங்கே வர வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு தேடினோம். சில விழுந்தன. சில நின்றன. நின்றவற்றில் ஒன்றில் கார்பன் கோடும் ஆக்சிஜன் கோடும் ஒன்றுக்கொன்று பொருந்தி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அது உண்மையாகவே தொடக்க காலத்துக் கேலக்ஸி. ஆக்சிஜன் கோடு கார்பனைவிட நல்ல பலமாக இருந்தது. இளம் நட்சத்திரங்களின் கடுமையான ஒளி அந்த வாயுவைத் தாக்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் முடிவு தப்பாக இருந்தால் அது எங்கே, எப்படித் தெரியும் என்று டேட்டாவைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுதி வையுங்கள். பிறகு அங்கே போய் உண்மையாகவே தேடுங்கள்.

நஸ்ரீனின் வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் கறாரான ஆள். ஒவ்வொரு சேப்டராகக் கிளறி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"இந்த தீசிஸ்ல உங்களுக்கு ரொம்ப உறுதியாத் தெரிஞ்ச ரிசல்ட் எதும்மா?"

ஆக்சிஜன் கோட்டைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"மூணாவது சேப்டர் சார்," என்றாள். "நாங்க தப்புன்னு நாங்களே கண்டுபுடிச்சது."