எந்தக் கால் முன்னால்?

விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் என்னோடு வேலை செய்கிறவர் சந்திரவதனா. லண்டனின் மேற்குப் பக்கம் ஹவுன்ஸ்லோவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. பிடிவாதத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. நான் முயன்று தோற்றவள். மகள் சயந்தினி கல்யாணம் ஆகாமலே தனி வீடு எடுத்து நகரின் மறுகோடியில் இருக்கும் வால்தம்ஸ்டோவுக்குப் போனபோது, அந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று சொன்னார். சொன்னபடி இரண்டு வருடம் மிதிக்கவில்லை. மகள் மாதம் ஒருமுறை வருவாள், சாப்பிடுவாள், போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள்.

போன தை மாதம் அவள் வாய் திறந்து பேசிய ஒரே விஷயம், பலகைமேல் நின்று சறுக்கும் ஸ்னோபோர்ட். உடனே இவர் தன்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பனியில் சறுக்கும் ஆசையா? மண்ணாங்கட்டி. மகளோடு ஒருநாள் இருக்க வேறு வழி தெரியவில்லை. இந்த நாளும் கெட்டுப்போனால் இன்னொன்று வராது என்று அவருக்குத் தெரியும்.

லண்டனுக்கு வெளியே, கூரைக்குள் பனியைக் கொட்டி வைத்திருக்கும் பெரிய மண்டபம் அது. சயந்தினி டிக்கெட் வரிசையில் நின்றாள். அம்மாவை வாடகைக் கவுண்டருக்கு அனுப்பி, ஏதாவது விளங்காவிட்டால் கூப்பிடும்படி சொன்னாள். ஒன்றுமே விளங்கவில்லை. ஆனாலும் இவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கபேயில் உட்காரவைத்துவிடுவாளோ என்று பயம்.

கவுண்டரில் நின்ற பெண் உயரம் கேட்டாள், நிறை கேட்டாள். நிறையில் ஆறு கிலோ குறைத்துச் சொன்னதை என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். சப்பாத்து அளவு ஐந்து. ஆறு கேட்டு வாங்கினார். எதையும் ஒரு அளவு பெரிதாக வாங்குவது எங்கள் சனத்தின் ரத்தத்தில் ஊறியது. குதிக்கால் உள்ளே கிடந்து ஆடியது. பலகைகள் எல்லாம் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. நிமிர்த்தி வைத்தால் முகத்தின் நாடிவரை வந்தால் போதும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வளைந்து கொடுக்கிற பலகைதான் நல்லது என்றாள் அந்தப் பெண். வளைந்தால் முறியாதா? கேட்க வெட்கமாக இருந்தது. தலையாட்டினார்.

பிறகு, பலகையில் பக்கவாட்டாக நிற்கும்போது எந்தக் கால் முன்னால் வரும் என்று கேட்டாள். சந்திரவதனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அத்தனை கேள்விகளில் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். யோசிக்காமல் வலது என்றார். நிச்சயமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். இதில் என்ன சந்தேகம் என்று இவருக்குப் புதுக் குழப்பம். அவள் கால் பூட்டும் பட்டிகளை அதற்கேற்றபடி முடுக்கிக் கொடுத்தாள்.

பனியில் இறங்கியதும் விழுந்தார். எழும்பி விழுந்தார். பயிற்சியாளர் முன்னால் சாயச் சொன்னார். எது முன்பக்கம் என்றே இவருக்குத் தெரியவில்லை. ஏழாவது தரம் விழுந்தபோது சயந்தினி மேலிருந்து சறுக்கி வந்து நின்றாள். பலகையைக் கழற்றி, அம்மாவை நிமிர்த்தி, முதுகில் லேசாகத் தள்ளினாள். இடது கால் தானாக முன்னே போனது.

"அம்மா, உங்களுக்கு இடதுதான் முன்னுக்கு வருது. ஏன் வலது எண்டு சொன்னனீங்கள்?"

"நல்ல காரியம் தொடங்கேக்க வலது காலைத்தானே முதல்ல வைக்கிறது."

"இது நல்ல காரியமோ?"

"உன்னோட வந்தது நல்ல காரியம்தானே, பிள்ளை."

சயந்தினி பலகையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பட்டிகளை மாற்றிப் பூட்டக் கவுண்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் போகவில்லை.

"அப்ப நான் வீடு எடுத்தது நல்ல காரியம் இல்லையோ? நீங்கள் ஒருக்காக்கூட வரேல்லையே, அம்மா."

இரண்டு வருடத்துக்கு முன் என்ன கோபம் அது, யார்மேல், எதற்கு? எவ்வளவு யோசித்தும் சந்திரவதனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லையாம். அழுகை மட்டும் வந்தது என்றார்.

"இண்டைக்கு வரட்டோ?" என்று கேட்டார்.

சயந்தினி பலகையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"வீட்டில சோறு இல்லை, அம்மா. பாண்தான் கிடக்குது."

இரண்டு துண்டு பாண் போதும் என்றார் சந்திரவதனா.