அனுமதி கேட்டு நடந்த பாதை

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் பிளேஸ்டோவிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் போனால் வயல்கள் வந்துவிடும். இருபத்திரண்டு வருடங்களாக ஞாயிறு காலைகளில் நானும் மனைவியும் அங்கே ஒரு பண்ணையை ஊடறுக்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த பிறகு, மனைவி விருப்பத்தோடு வீட்டைவிட்டு வெளிக்கிட்டது அந்த நடைக்கு மட்டும்தான். கோயிலுக்குக்கூட நான்தான் இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

அந்தக் காணி யாருடையது என்று முதல் நாளே எனக்கு உறுத்தியது. போய்ப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எல்லாரும் சும்மா போகினம். நீங்கள் ஏன் கேக்கிறியள்?" என்றாள் மனைவி.

அடுத்தவன் காணிக்குள் கேட்காமல் நுழைய நான் என்ன கட்டாக்காலி மாடா? பண்ணைக் கிழவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதன்பின் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஒரு பெட்டி பயற்றம் பணியாரம் கொடுத்து, இந்த வருடமும் நடக்கலாமா என்று கேட்டுவருவேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

போன வருடம் கிழவர் இறந்தார். காணியை வாங்கியவர் கம்பிவேலி அடித்துவிட்டார். வேலியடியில் நின்ற எங்களிடம் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் படிவம் ஒன்றைத் தந்தார். இருபது வருடம் சனங்கள் நடந்த பாதையைப் பொதுப்பாதையாகப் பதியும்படி கவுன்சிலிடம் கேட்கலாமாம். மற்றவர்கள் நடந்தது ஐந்து, பத்து வருடம்தான். முழுக்காலமும் நடந்த சாட்சிகள் நாங்கள் இருவர் மட்டும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அனுமதி பெற்றீர்களா என்ற கேள்விக்கு இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன், பொங்கலையும் பணியாரத்தையும் சேர்த்து.

பெண்மணி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கேட்டு நடந்தால் அது உரிமை ஆகாதாம். யாரையும் கேட்காமல் நடந்தவர்களுக்குத்தான் சட்டம் பாதை தருமாம். எங்கள் இருபத்திரண்டு வருடமும் செல்லாது.

"கேக்கேல்லை எண்டு மாத்தி எழுதுங்கோவன்," என்றாள் மனைவி. இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். பொய்யில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று.

போன ஞாயிறு, "வேறை எங்கையாவது நடப்பம், வாரும்," என்று கூப்பிட்டேன். அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"நீங்கள் போங்கோ," என்றாள். "ஆரிட்டையாவது கேட்டுப்போட்டுப் போங்கோ."

அதில் நக்கல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.