கரி அடுப்போடு ஒரு மலைப் பயணத் திட்டம்

"இந்த ஞாயித்துக்கெழமயாச்சும் சொல்லிடுங்கண்ணே. மலைக்குப் போறதெல்லாம் கெடையாதுன்னு நீங்க வாயால சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

என் நண்பனின் மனைவி பால் கடை வாசலில் என்னை நிறுத்திவைத்து இதைச் சொன்னார். நான் சரிம்மா என்றேன். போன வாரமும் சரிம்மா என்றுதான் சொல்லியிருந்தேன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்று சொந்த வீட்டிலேயே பெயர் எடுத்தவன் நான். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அந்த வாய் திறக்க மறுத்தது.

"நேத்து வேலைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், ரூம்ல கதவ சாத்திக்கிட்டு இரும்புச் சட்டியில கரி அடுக்கி வெச்சிருக்காரு. மலைக்குப் போறதுக்குப் பழகறாராம். தீப்பெட்டி கெடைக்கல, அதான் தப்பிச்சோம்." சொல்லிவிட்டு இடுப்பைத் தொட்டுக் காட்டினார். புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. "இத செருவிக்கிட்டுத்தான் கம்பெனிக்கே போறேன்."

இது எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாலு பேர், ஒரே ஸ்கூலில் படித்தவர்கள். என் நண்பன் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை பார்த்தவன். அதே கம்பெனியில் நான் பேக்கிங். பியூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே 'உடையும், கவனம்' என்று எழுதுவது என் உத்தியோகம். எழுதிய பிறகு அந்தப் பெட்டியைச் சுமைக்காரர்கள் தூக்கி எறிவதை வேடிக்கை பார்ப்பதும் அதே உத்தியோகத்தில் சேர்த்தி. மூன்றாவது ஆள் குட்டியானை வண்டி வைத்து எங்கள் சரக்கை ஏற்றிப் போகிறவன். கல்யாணத்துக்குக் கூட, அதுவும் அவனுடைய கல்யாணத்துக்கே, லேட்டாக வந்தவன். நாலாவது ஆள் எங்களில் ஒழுங்காகப் பாஸானதால் வாத்தியாரானவன். வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறோம்.

போன வருஷம் ஐப்பசி மழையில் டீக்கடைக்குள் ஒண்டிக்கொண்டிருந்தபோது சூளைக்காரன்தான் ஆரம்பித்தான்.

"குளுருன்னா என்னான்னு ஒரு தபா பாத்துடணும்டா. வயசுப் பையனா சூளை வாயில வந்து நின்னது. உள்ள எலும்பு வரைக்கும் சூடு ஏறிக் கெடக்குது. மார்கழியில எங்கியாவது மலைக்காட்டுல போயி, பல்லு கிட்டிக்கிற மாதிரி ஒரு நாளு படுத்து எழுந்துக்கணும்."

"அவ்ளோதானா? ஐஸ் ஃபேக்டரியில சொல்லி எடம் வாங்கித் தரேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது பழக்கம்.

கல்வராயன் மலை என்று முடிவானது. வேலையைப் பங்கு போட்டோம். வனத்துறையில் அனுமதி கேட்பதும் டென்ட் ஏற்பாடு செய்வதும் வாத்தியார். வண்டி, வழி, வேப்பூர் தாண்டி எந்தக் கடையில் புரோட்டா சாப்பிடுவது ஆகியவை குட்டியானைக்காரன். அடுப்பு, கணப்பு, சூடு சம்பந்தப்பட்ட அத்தனையும் சூளைக்காரன். கடைசியில் வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ கலகலப்பு" என்றான். எதற்கும் லாயக்கில்லாதவன் என்பதை அவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திட்டம்தான் வேலை. குளிருக்குப் பழக நான் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து முன்னால் நின்றேன். என் மனைவி பின்னால் நின்று, உள்ளே இருக்கிற மாவு கெட்டுப்போகும், ஆள் ஏற்கெனவே கெட்டாச்சு என்றாள். கம்பளிக்குப் பதில் ஆளுக்கு ஒரு மூட்டை பேக்கிங் வைக்கோல் கொண்டுபோகலாம் என்று நான் சொன்ன யோசனை ஏகமனதாகத் தள்ளுபடியானது. சூளைக்காரன் மெரூன் கலரில் ஸ்வெட்டர் வாங்கினான். அதைப் போட்டுக்கொண்டு சூளை முன்னால் நின்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

அடுப்பு விஷயத்தில் மட்டும் வாத்தியார் கொஞ்சம் இழுத்தான்.

"டென்ட்டுக்குள்ளயா நெருப்பு வெக்கப்போற?"

"வெளிய வெச்சா மலைதான் குளுரு காயும், நாம காய மாட்டோம்."

"புகை கட்டிக்காதா?"

"வாத்தியாரே, புகைதான் ஆள அடிக்கும். புகை அடங்கி, செவசெவன்னு கனிஞ்சிருக்குது பாரு கரி, அது பச்சப் புள்ள மாதிரி. பக்கத்துல தொட்டில் கட்டலாம்."

நெருப்பைப் பற்றி அவன் சொன்னால் முதலாளியே மறுத்துப் பேசமாட்டார். வாத்தியாரும் தலையாட்டிவிட்டான். சூளைக்காரன் அறிந்த நெருப்பெல்லாம் நாலு பக்கமும் சுவரில்லாத கொட்டகையில், காற்று போக வர எரிந்த நெருப்பு. நெருப்பையும் கூட்டிக்கொண்டு ஒரு துணிப்பைக்குள் புகுந்து ஜிப் போட்டுக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் அதுவரை யாரும் கிடையாது.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு ஒத்திகை. கம்பெனிக்குப் பின்னால், உடைந்த பீங்கான் கொட்டிக் கிடக்கிற திடலில், விடிவதற்கு முன்பே டென்ட் அடித்துவிட்டோம். வாத்தியார் காலைப் பூசைக்குப் போய்விட்டுச் சர்ச்சிலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. குட்டியானைக்காரன் டீ வாங்கி வரவேண்டும். டென்ட்டுக்குள் நானும் சூளைக்காரனும் மட்டும். அவன் சட்டியில் கரியை வெளியிலேயே மூட்டி, புகை அடங்கும்வரை பொறுத்திருந்து, பிள்ளையைத் தூக்குவது மாதிரி உள்ளே கொண்டுவந்து வைத்தான். பனி இறங்கியதால் ஜிப்பை இழுத்து மூடினோம். நான் சர்க்கரைக்காரன், சும்மா சும்மா வெளியே போகிறவன் என்பதால் வாசல் பக்கம் எனக்கு. அது யாரோ பழசாகக் கொடுத்த டென்ட். என் முகத்துக்கு நேரே ஜிப்பில் சில பற்கள் போயிருந்தன. அதன் வழியாகக் குளிர்காற்று மூக்கில் அடிக்கிறது என்று அலுத்துக்கொண்டேன்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. நான் என் இலாகாவைக் கவனித்தேன், அதாவது பேசிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். "தல வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோக்குக்குப் போனேன்.

"எங்க மாமனார மலைக்குக் கூட்டிட்டுப் போனா என்னா ஆவும் தெரியுமா? நமக்கெல்லாம் குளுருல பல்லு வாய்க்குள்ள ஆடும். அவரு பல்லு செட்டக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டுத் தூங்கிடுவாரு. அது பாட்டுக்கு டம்ளருக்குள்ள தனியா ஆடிக்கிட்டு கெடக்கும்."

அவன் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு ஒருவன் சிரிக்கவில்லை என்றால் அதில் நான் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அதற்கு அடுத்ததைச் சொன்னேன். அதற்கும் அடுத்தது என்னவென்று எனக்கே ஞாபகம் இல்லை.

குட்டியானைக்காரன் வாழ்க்கையில் அன்று ஒருநாள் நேரத்துக்கு வந்தான். டீக்கடைக்குப் பால் வராததால் நிற்காமல் வந்துவிட்டதாகப் பிறகு சொன்னான். டென்ட்டைக் காலால் தட்டி, "எழுந்திருங்கடா, மலை வந்துடுச்சு" என்றிருக்கிறான். பதில் இல்லை. ஜிப்பைக் கிழித்து எங்களை வெளியே இழுத்துப் போட்டான். நான் வாந்தி எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். சூளைக்காரன் உட்காரவில்லை. வெற்றிலை பழக்கமே இல்லாதவனுக்கு உதடு சிவந்திருந்தது.

அவனைக் குட்டியானையின் பின்னால், ஏற்றிவைத்திருந்த பெட்டிகளுக்கு நடுவே கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் 'உடையும், கவனம்' என்று என் கையெழுத்து.

அங்கிருந்து பாண்டிக்கு அனுப்பினார்கள். கரி கனிந்த பிறகும் ஒரு வாயு வரும், அதற்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அங்கே டாக்டர் விளக்கினார். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸ்கூலில் அவன் எடுப்பது அறிவியல் பாடம்.

ஆனாலும் சூளைக்காரன் பிழைத்தான். நடந்து வீட்டுக்கு வந்தான், இட்லி கேட்டுச் சாப்பிட்டான். கண்டம் தாண்டிவிட்டது என்று நான் மறுபடி ஜோக் சொல்லவும் ஆரம்பித்தேன். பொங்கல் கழிந்த பிறகுதான் மற்றது வந்தது. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். நடை தளர்ந்தது. வேலைக்குப் போனவன் சூளை வால்வில் கை வைத்தபடி, எந்தப் பக்கம் திருப்புவது என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டான். முதலாளி கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டுப் போனார். சிலருக்கு இப்படித் தாமதமாக வரும், மெல்லத் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார் டாக்டர். அவன் மனைவி அதே கம்பெனியில் பொம்மைக்கு வண்ணம் அடிக்க வந்தார்.

அந்த டென்ட்டும் அந்த விடியலும் அவன் தலையில் சுத்தமாக இல்லை. ஆனால் மலை இருந்தது. அவனைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் போகவில்லை, வருகிற வாரம் போகப்போகிறோம். சித்திரை வெயிலிலும் ஞாயிற்றுக்கிழமையானால் மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் காத்திருப்பான். வண்டி சொல்லியாச்சா, அனுமதி வந்துச்சா என்று கேட்பான். "நீ கலகலப்பு" என்று என்னைப் பார்த்துச் சொல்வான். பிறகு, "அடுப்ப நான் பாத்துக்கறேன்." அந்த இடம் வந்ததும் குட்டியானைக்காரன் வண்டியைப் பார்க்க வெளியே போய்விடுவான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். நான் ஏதாவது உளறி வேறு பக்கம் பேச்சைத் திருப்புவேன்.

இப்போது மறுபடி மார்கழி. அவன் கரி சேர்க்க ஆரம்பித்துவிட்டான்.

பால் கடையில் வாக்குக் கொடுத்த அந்த ஞாயிறு நான் தனியாகப் போனேன். சட்டி கட்டிலுக்கு அடியில் கரியோடு இருந்தது. அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று, சொல்லுங்க என்று கண்ணால் காட்டினார்.

"என்னா மாப்ள, வண்டி சொல்லியாச்சா?" என்றான்.

"மாப்ள, மலைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவன் முகம் அந்தப் பழைய போட்டோவில் இருந்தது மாதிரியே இருந்தது. என் வாய், எஜமான் சொல் கேட்காத மாடு, பழைய பாதையில் திரும்பிவிட்டது. "மலைக்கு எங்க மாமனாரையும் கூட்டிட்டுப் போனா என்னா ஆவும் தெரியுமா?" டென்ட்டுக்குப் பிறகு யாரிடமும் சொல்லாத ஜோக் அது. நடுவில் நிறுத்தத் தெரியாமல் பல் செட்டு டம்ளரில் ஆடுகிறவரை சொல்லிவிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. அசையவும் இல்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்டா புடிச்சி ஆட்டுற? கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றான். "இத அன்னிக்கே சொன்னியே."

"என்னிக்கு?"

நெற்றியைச் சுருக்கினான். "தெரியல. தல வலிக்குதுன்ன. அப்புறம் இத சொன்ன. அன்னிக்கும் நல்லா இல்ல."

அவன் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் என்னா ஆச்சு?" என்று அவன் என்னைக் கேட்டான்.

மலைக்குப் போகவில்லை என்று சொல்ல வந்தவன், அப்புறம் என்ன ஆச்சு என்பதைச் சொன்னேன். சட்டி, ஜிப், வாந்தி, குட்டியானை, பாண்டி, பொத்தான், வால்வு எல்லாம். ஒரு ஜோக் கூட இல்லாமல் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான். சொல்லி முடித்ததும், "அதானா இது" என்றான். அவ்வளவுதான். அவன் மனைவி குனிந்து சட்டியை எடுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். அவன் தடுக்கவில்லை.

நான் கிளம்பும்போது அவர் தெருவரை வந்தார். "அண்ணே, மலையில தங்குறதுக்கு ரூமு கெடைக்குமா? சன்னல் வெச்சதா?"

விசாரிக்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் போனோம். சட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் வந்திருந்தது. நான் சொன்னதில் ஒன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை. வண்டி கேட்டான், அனுமதி கேட்டான், எனக்குக் கலகலப்பு கொடுத்தான். "அடுப்ப நான்..." என்றவன் நின்று, யோசித்து, "வெளிய வெச்சிக்கலாமாடா?" என்றான். ஏன் என்று வாத்தியார் கேட்டான். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுபடி பல் செட்டிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை குட்டியானைக்காரன் வெளியே போகவில்லை. இப்போது எல்லா ஞாயிறும் அப்படித்தான் நடக்கிறது. அந்த மட்டமான ஜோக், பிறகு மற்றதெல்லாம். வாத்தியார் சன்னல் வைத்த ரூமுக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

சூளைக்காரன் மனைவி சட்டியைக் கொண்டுபோய்க் கம்பெனிக் குப்பையில் போட்டுவிட்டார். தீப்பெட்டி மட்டும் இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.