பாட்டுக்காரிக்கு ஒரு ஒப்பட்டு

கேசட் உள்ளே போய் 'டக்'கென்று உட்கார்ந்ததும் பாட்டு தொடங்குவதற்கு முன் நான்கைந்து விநாடி 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வரும்; அதை நினைத்தாலே எனக்குத் தொடை சுடுகிறது, ஏனென்றால் அதைக் கேட்ட நாட்களிலெல்லாம் நான் உட்கார்ந்திருந்தது சீட்டில் அல்ல, கம்பெனி பஸ்ஸின் எஞ்சினை மூடியிருக்கும் 'பானட்'டின் மேல், ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டு. டீசல் நாற்றமும் ஐம்பது பேரின் தலையெண்ணெயும் பெண்கள் வைத்திருந்த சாமந்தியும் கலந்த அந்தக் காலை நேரத்தில்தான், அமெரிக்காவில் எங்கோ மாட்டுப் பண்ணையும் மண் ரோடுமாக இருக்கும் ஊர்களின் பாட்டு எனக்கு அறிமுகமானது. அந்த வகைக்குக் 'கன்ட்ரி பாப்' என்று பெயர் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

அப்பா அந்த பஸ்ஸின் டிரைவர். உத்தனப்பள்ளியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, ஜெனரல் ஷிப்டுக்கு ஒசூரில் கொண்டுபோய் இறக்குவார். என் கான்வென்ட் பள்ளி அதே வழியில் இருந்ததால், கம்பெனியில் யாரும் கேட்காத தைரியத்தில் நானும் தினம் ஏறிக்கொள்வேன். அந்த பஸ் இல்லையென்றால் எனக்கு அந்தப் பள்ளி இல்லை.

பஸ்ஸில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சம அளவில் ஏறும். அதனால் பாட்டுக்கு முறை வைத்திருந்தார்கள்: திங்கள் தமிழ், செவ்வாய் கன்னடம், புதன் தெலுங்கு, மறுபடியும் அதே வரிசை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை எப்போதும் தெலுங்குக்கே ஏன் போக வேண்டும், தன் முறையன்று பிளேயர் மக்கர் செய்தால் அந்த நாளை யார் ஈடுகட்டுவது என்று பாராளுமன்றமே நடக்கும். ஒருநாள் கைகலப்பாகி யாரோ கேசட்டைப் பிடுங்க, உள்ளிருந்த நாடா ஜன்னல் வழியாக ராயக்கோட்டை ரோட்டில் அரை மைல் நீளத்துக்குப் பறந்தது. கம்பெனியில் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, இன்னொரு சண்டை வந்தால் உனக்கு வேறு ரூட் என்று சொல்லிவிட்டார்.

அப்பா அந்த வாரமே பெங்களூர் நடைபாதையில் ஒரு கேசட் வாங்கி வந்தார். அட்டையில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், மரவேலியில் சாய்ந்து, கையில் கிடாருடன். "இது யாருக்கும் புரியாது. அதனால எல்லாருக்கும் பொது" என்றார். எங்கள் அப்பா அவ்வளவு பெரிய ராஜதந்திரி.

சண்டை நின்றது, அபிப்பிராயம் தொடங்கியது. பெயின்ட் செக்‌ஷனில் வேலை செய்துகொண்டே தக்காளியும் பயிரிட்ட வெங்கடப்பா மாமா, "கொரலு நல்லாத்தான் கீது. ஆனா மூக்காலயே பாடுது பாரு, சளி புடிச்சிருக்கு" என்றார். லாரியில் கிளீனராக இருந்து கம்பெனிக்கு வந்த முருகேசண்ணன், வயலின் மட்டும் தனக்குப் பிடிக்கவில்லை, மற்றபடி இது ஹைவேயில் போடவேண்டிய பாட்டு என்றார். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த ரத்னம்மக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு உக்காந்து பாடுறா. அந்த நிம்மதி கொரல்ல இருக்குது" என்றார். பின்சீட்டில் ஒருவர் இது சர்ச் பாட்டு என்று கடைசிவரை சாதித்தார்.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டியிருக்காது. முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டு எல்லாருக்கும் பிடித்துப்போய், இது என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டபோது, அப்பா ஸ்டீயரிங்கை விட்டுத் திரும்பாத குறையாக, "எம் பொண்ணு கான்வென்ட்ல படிக்குது, கேளுங்க, சொல்லும்" என்று அறிவித்துவிட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பாட்டில் எனக்குப் புரிந்தவை 'ஐ', 'யூ', அப்புறம் ஒரு 'ஓ'. ஆனால் அப்பாவின் பிடரி அவ்வளவு பெருமையாக நிமிர்ந்திருந்தபோது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

எனவே கேட்டவர்களுக்கெல்லாம் அளந்துவிட்டேன். முருகேசண்ணனிடம் தமிழில், இது சொந்தமாக லாரி வாங்கப் போகும் ஒருவனைப் பற்றிய பாட்டு என்றேன். வெங்கடப்பா மாமாவிடம் தெலுங்கில், மழை வராமல் மேகத்தைக் கூப்பிடுகிறாள் என்றேன். ரத்னம்மக்காவிடம் கன்னடத்தில் சொன்னதுதான் இருப்பதிலேயே நல்ல கதை. அக்கா வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு உத்தனப்பள்ளிக்கு வந்தவர். அவருடைய அம்மா வீடு இருந்த ஆனேக்கல் ஒசூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஆறு வருஷமாக அவர் அந்தப் பக்கம் போகவில்லை. இது பஸ்ஸுக்கே தெரியும், எனக்கும் தெரியும். கோபித்துக்கொண்டு போன ஒரு பெண் பல வருஷம் கழித்துப் பையோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள் என்று சொன்னேன்.

"கதவு தெறந்தாங்களா?" என்று கேட்டார்.

"தெறந்தாங்கக்கா. கடைசியில வயலின் வேகமா வருதே, அது அதுதான்."

இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை செய்யக்கூடாத தப்பை நான் செய்திருந்தேன். ஒரு பாஷையில் சொன்னது அந்தப் பாஷைக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கன்னடம் பேசுகிறவருக்குத் தெலுங்கு தெரியும், தெலுங்கு பேசுகிறவர் தமிழில் பேரம் பேசுவார், மூன்றிலும் வம்பு வளர்க்காதவர் யாருமில்லை. நானே மூன்றிலும் பொய் சொன்னவள்தானே. அது எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு திங்கட்கிழமை முருகேசண்ணன், "டிரைவரண்ணா, அந்த லாரிப் பாட்டைப் போடுங்க" என்றார். "லாரி எங்கய்யா வந்துது? அது மழைப் பாட்டு" என்றார் வெங்கடப்பா மாமா. இருவரும் மாறி மாறி என் பெயரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். ரத்னம்மக்கா வீங்கின கண்களோடு ஜன்னலோரம் இருந்தவர், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"பாப்பா, நெஜமா என்னா சொல்லுது அந்தப் பாட்டு?"

"தெரியாதுக்கா."

அப்பா பஸ்ஸை ஓரம்கட்டினார். அக்கா என்னைத் திட்டவில்லை. "நேத்து ஆனேக்கல் போனேன். அரை மணி நேரம் நின்னேன். கதவு தெறக்கல பாப்பா" என்றார், கன்னடத்தில். அதைப் புரிந்துகொள்ளாதவர் பஸ்ஸில் ஒருவரும் இல்லை. பானட்டின் சூடு கால் வழியாக ஏறி முகத்துக்கு வந்தது போலிருந்தது. செத்துப்போகலாம் என்று அன்றுதான் முதன்முதலாக நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுல என்னா கேவலம்?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "நானும் பெருமைக்கு உன்ன மாட்டிவிட்டுட்டேன்" என்றார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

அதன்பிறகு பத்து நாள் பஸ்ஸில் எந்தப் பாஷையிலும் பாட்டு இல்லை. யாரும் முறையும் கேட்கவில்லை. பதினோராம் நாள் ரத்னம்மக்கா ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு ஏறினார். போளியை எங்கள் பக்கம் 'ஒப்பட்டு' என்போம். மூடியைத் திறந்ததும் வெல்லமும் ஏலக்காயும் டீசலையே அமுக்கிவிட்டன. சீட்டு சீட்டாகக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நான் வாசல்ல நின்னத தெருவே பாத்திருக்குது. பெத்த பொண்ண நிக்க வெச்சியேன்னு எங்கம்மாவ ஆளாளுக்குப் புடிச்சுத் திட்டியிருக்காங்க. நேத்து அவங்களே வந்துட்டாங்க. ராத்திரியே பருப்ப ஊறப்போட்டு, வெடிகாலையில எழுந்து இத தட்டினாங்க."

எல்லாருக்கும் கொடுத்தார். அப்பாவுக்கு இரண்டு. என்னைத் தாண்டிப் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு பானட்டின் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பள்ளி நிறுத்தத்தில் நான் இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, தூக்கை அப்படியே என் கையில் திணித்தார்.

"ரெண்டு இருக்குது. ஒண்ணு உனக்கு. ஒண்ணு அந்தப் பாட்டுக்காரிக்கு."

நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. மறுநாள் பிளேயரில் மறுபடி அந்த 'உஸ்ஸ்' வந்தது. "இனிமே இது அம்மா வீட்டுப் பாட்டு. லாரியும் கெடையாது, மழையும் கெடையாது" என்று முருகேசண்ணன் தீர்ப்புச் சொல்ல, வெங்கடப்பா மாமா தக்காளிக்காகக் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். அப்பா ரூட் மாறவில்லை. நான் அந்தப் பள்ளியிலேயே படித்து முடித்தேன்.

இப்போது ஒசூரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்பது தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லிவிடுவேன். கம்பெனி பஸ்கள் இன்றும் காலையில் என்னைத் தாண்டிப் போகின்றன. ஒடியாவும் இந்தியும் வங்காளமும் ஏறியிருக்கின்றன. ஆளுக்கொரு இயர்போனில் ஆளுக்கொரு பாட்டு. சண்டையே இல்லை. என்ன கேட்கிறாய் என்று பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்பாரும் இல்லை.

போன வாரம் அந்த ஆல்பம் போனில் கிடைத்தது. போட்டேன். பக்கத்தில் இருந்த அப்பா, "இன்னுமா சளி போகல அவளுக்கு?" என்றார். கீழே உலகமெங்குமிருந்து கேட்டவர்களின் அபிப்பிராயங்கள் வரிசையாக இருந்தன. ஒருவருக்கு அளவுக்கு மீறி இனிப்பு. ஒருவருக்கு இது அசல் கிராமத்து இசையே இல்லை. ஒருவர் அப்பாவோடு காரில் போன நாட்களை எழுதியிருந்தார். பாட்டு வரிகளும் இருந்தன. மூன்றாவது பாட்டு, சனிக்கிழமை ராத்திரி நடனத்துக்குப் போகத் தன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அவ்வளவுதான்.

ரத்னம்மக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். இந்த முறை அர்த்தம் நிஜமாகவே தெரியும் என்றும் சொன்னேன். அக்கா விடவில்லை.

"ஆடப் போறவ, போற வழியில அம்மா வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டுத்தான் போவா. அத பாட்டுல எழுதாம விட்டிருப்பாங்க பாப்பா."

அந்த அபிப்பிராயங்களின் கடைசியில் நானும் ஒன்று எழுதினேன். 'பாட்டுக்கார அக்கா, உங்களுக்கு என்று கொடுத்த ஒப்பட்டு ஒன்று என்னிடம் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று உங்கள் பங்கையும் சேர்த்து நானே தின்றுவிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது. நன்றி.' தமிழிலேயே எழுதினேன். புரியாதவர்கள் பக்கத்துச் சீட்டில் யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும்.